எட்டு வளையல்

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தையல்காரிக்கு அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. கத்தரிக்கோல் மிஷினுக்கு வலது பக்கம், ஊசி டப்பா ஷெல்ஃபின் கீழ்த் தட்டில், டேப் என் கழுத்தில். கரண்ட் போனாலும் கையை நீட்டினால் பொருள் கைக்கு வரும். என் வீட்டுக்காரர் ஆத்மநாதன் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார். "ஒன்னைய ஒங்க ஆத்தா டேப்பு வச்சு அளந்துல்ல பெத்துருக்கு" என்பார்.

வனிதா மேடம், நடந்ததை நடந்தபடி என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். பேப்பரும் பேனாவும் கொடுத்தீர்கள். டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள், டீ நன்றாக இருந்தது. எழுதுவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. மறைக்கிற மாதிரி நான் ஒன்றும் செய்துவிடவில்லை என்பதைக் கடைசி வரை படித்தால் நீங்களே சொல்வீர்கள்.

என் பெயர் பிரகதாம்பாள். வயது நாற்பத்தொன்பது. திருக்கோகர்ணத்தில் சொந்த வீடு. வீட்டுக்காரர் அரிசி மண்டியில் வேலை பார்க்கிறார், காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக இனிமேல் யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம், இருபது வருஷமாக எல்லோரும் கொட்டி முடித்துவிட்டார்கள்.

உங்கள் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ் மூலமாக எங்களிடம் முதலில் வந்த பிள்ளை கோபிநாத். ஒன்பது வயது. அப்போதே நீங்கள் எனக்கு விளக்கிச் சொன்னீர்கள், இது தத்து இல்லை, வளர்ப்புப் பராமரிப்பு, பிள்ளையை ஹோமில் விடாமல் ஒரு குடும்பத்தில் வளர விடுகிறோம், ஆனால் பிள்ளை உங்களுடையது ஆகாது என்று. தலையை ஆட்டினேன். பதினாலு மாதம் இருந்தான். சோறு ஊட்டியிருக்கிறேன், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே கிடந்திருக்கிறேன். பிறகு சைக்கிள் கற்றுக்கொண்டான். பிறகு தெருப் பிள்ளைகளோடு கிரிக்கெட். பிறகு திருப்பூரிலிருந்து அவன் தாய்மாமன் வந்தார். நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினான். தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மாமனிடம் வாய் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டே போனான். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து நானே உங்கள் ஆபீசுக்கு வந்தேன். ஊனமுள்ள பிள்ளை இருந்தால் கொடுங்கள் என்றேன். "மாற்றுத்திறனாளிப் பிள்ளைன்னு சொல்லுங்கம்மா" என்று திருத்தினீர்கள். நானும் திருத்திக்கொண்டேன். வருகிறவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளையாக, சிவப்பாக, சீக்கு இல்லாததாகக் கேட்கிறார்கள், இந்தப் பிள்ளைகளை இத்தனை வருஷத்தில் யாரும் வாயைத் திறந்து கேட்டதில்லை என்று சொன்னபோது உங்கள் கண் கலங்கியிருந்தது. கையைப் பிடித்து மேலதிகாரியிடம் கூட்டிப் போனீர்கள். அந்த வருஷம் ஒரு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். சால்வை பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. வேண்டுமென்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

கார்த்திகாவை நீங்கள் கூட்டி வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. நாலு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அம்மா செத்துப் போனாள், அப்பன் எங்கே என்று தெரியவில்லை. குளத்தூரில் ஒரு வீட்டில் ஆறு மாதம், வல்லத்திராக்கோட்டையில் ஒரு வீட்டில் நாலு மாதம் இருந்திருக்கிறாள், இரண்டு வீட்டிலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னீர்கள். திரும்பி வந்த ஜாக்கெட்டை ஏன் வந்தது என்று கேட்காமல் நான் தொடமாட்டேன். பிள்ளை விஷயத்தில் அப்படிக் கேட்பது அழகில்லை என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

வாசலில் நின்றபடியே என் கையைப் பிடித்து மணிக்கட்டில் விரலால் தடவினாள். "எட்டு வளையல் போட்டுருக்கீங்க அத்தை. ஒண்ணு மட்டும் விரிசல் விட்டுருக்கு" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கண்ணாடி வளையல் என் கையில் இல்லாமல் இருந்ததில்லை. விரிசல் விட்டது எனக்கே தெரியாது. அன்று சாயங்காலமே அதை எடுத்துவிட்டு வேறு ஒன்று போட்டேன். அம்மா என்று கூப்பிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "பழகட்டும் அத்தை" என்றாள். சரி, பழகட்டும்.

முதல் மாதம் போல ஒரு மாதம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. குளிக்க, சாப்பிட, தலை சீவ, டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போக, எல்லாவற்றுக்கும் என் கைதான். இரவில் தண்ணீர் வேண்டுமென்றாலும் "அத்தை" என்று ஒரு குரல் வரும். ஐம்பது வயதை நெருங்குகிறவளுக்கு அரைத் தூக்கத்தில் எழுந்திருப்பது கஷ்டம் என்பார்கள். எனக்குக் கஷ்டமாகவே இல்லை.

அதற்குப் பிறகு சுடர்விழி டீச்சர் வந்தார். கண் தெரியாத பிள்ளைகளுக்கு நடை பழக்குகிற டீச்சர், சனிக்கிழமைதோறும் வருவார். வெள்ளைக் கோலை எப்படிப் பிடிப்பது, அடியை எப்படி எண்ணுவது என்று சொல்லிக் கொடுத்தார். நல்ல பெண். வேலையில் கெட்டிக்காரி. முதல் நாளே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "அம்மா, ஒங்கள்ட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். வீட்டுல எந்தச் சாமானையும் எடம் மாத்திராதீங்க. ஸ்டூல் எங்கிட்டு இருக்கு, கொடம் எங்கிட்டு இருக்குன்னு அடிய எண்ணித்தான் அவ மனசுல வச்சுக்குவா. நீங்க ஒரு சாண் நகத்துனாலும் அவளுக்கு வீடே மாறிப்போயிரும்."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தோன்றியே இருக்காது. இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

மூன்று வாரத்தில் வீடு அவளுக்குப் பழகிவிட்டது. கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு அடி, கதவிலிருந்து அடுப்படிக்கு ஐந்து, பாத்ரூமுக்குப் பதினொன்று. ஒரு நாள் நான் மிஷினில் இருந்தேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "ரொம்ப நேரமா தச்சுக்கிட்டே இருக்கீங்க அத்தை, குடிங்க." குடத்திலிருந்து மொண்டு, அடுப்படி நிலைப்படி தாண்டி வந்திருக்கிறாள். ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. கோபிநாத் கையை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டிக் காட்டினானே, அந்த நாள் நினைவுக்கு வந்தது. தண்ணீரைக் குடித்தேன். "நல்ல புள்ள" என்றேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல். வீட்டைக் கூட்டும்போது ஸ்டூலை நகர்த்தியிருந்தேன், பிளவுஸ் வாங்க ஆள் வந்ததில் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். கார்த்திகா அதில் தடுக்கிக் குப்புற விழுந்தாள். விழும்போது "அம்மா" என்றாள். மேடம், எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. ஓடிப் போய்த் தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முழங்காலில் லேசான சிராய்ப்பு, மஞ்சள் வைத்துவிட்டேன். "நான்தான் எண்ணிக்கைய தப்பா வச்சுட்டேன் போல அத்தை" என்றாள். நான் "ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தற்செயல் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சட்டையைச் சின்னதாக்கும்போது ஒரே தடவையில் பிடித்துவிடக் கூடாது. கால் இஞ்சு, கால் இஞ்சாகப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் போடுகிறவருக்குத் தெரியாது, உடம்புதான் பெருத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் செய்தேன். ஸ்டூலை ஒரு நாள் நாலு இஞ்சு. குடத்தை இரண்டு நாள் கழித்துச் சுவரிலிருந்து ஆறு இஞ்சு. கட்டிலை ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஒரு முழம். டேப் கழுத்திலேயே இருப்பதால் அளப்பது எனக்குச் சிரமமில்லை. எல்லாமே அவள் பாத்ரூமில் இருக்கும்போதோ பின்பக்கம் துணி காயப்போடும்போதோதான். சில நாள் ஒன்றையும் தொடமாட்டேன். தினமும் விழுந்தால் டீச்சருக்குச் சந்தேகம் வரும்.

ஆனால் அவளுக்கு அடிபடக் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டில் முனை, மேஜை முனை, மிஷின் முனை, எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்து உறை தைத்துப் போட்டிருந்தேன். வந்து பார்த்த நீங்களே "என்னா அக்கறை பாருங்க" என்று டீச்சரிடம் சொன்னீர்கள். அடுப்பையும் வெந்நீரையும் அரிவாள்மணையையும் நான் ஒரு நாளும் இடம் மாற்றியதில்லை. அந்த அளவுக்கு மனசாட்சி இல்லாதவள் இல்லை நான்.

வீட்டுக்காரர்தான் இரண்டு மூன்று தடவை கால் பெருவிரலில் இடித்துக்கொண்டார். "ஏம்மா, இந்த ஸ்டூலு நேத்து அங்கிட்டுல்ல இருந்துச்சு?" என்று கேட்டார். கூட்டும்போது நகர்ந்திருக்கும் என்றேன். "ஒனக்கே எடம் மாறுதுன்னா ஒலகம் அழியப்போகுது" என்று விரலைத் தேய்த்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார். சுடர்விழி டீச்சருக்கும் குழப்பம்தான். "ஸ்கூல்ல பிரமாதமா நடக்குறாம்மா, மாடிப்படி ஏறுறா, எறங்குறா. வீட்டுக்குள்ள மட்டும் ஏன் இப்பிடித் தடுமாறுறான்னு புரியல." வீட்டில் செல்லம் கொஞ்சுகிறாள் என்று சொன்னேன். டீச்சர் சிரித்தார், கார்த்திகாவும் சிரித்தாள்.

இப்படி இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஒரு நாள் படுத்துக்கொண்டு, "எனக்கு எந்த எடமும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது அத்தை" என்றாள். "எதுக்கு நிக்கணும்? நான்தான் இருக்கேன்ல" என்றேன். என் வளையல்களை ஒன்றொன்றாகத் தள்ளி விளையாடிக்கொண்டே தூங்கிப்போனாள். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

பத்தாவதில் நானூற்று முப்பத்திரண்டு மார்க் எடுத்தாள். தெரு முழுக்க லட்டுக் கொடுத்தேன். அந்த லட்டு வாய்க்குள் இருக்கும்போதே நீங்கள் திருச்சிப் பேச்சை எடுத்தீர்கள். திருச்சியில் கண் தெரியாத பிள்ளைகளுக்கென்று பெரிய பள்ளிக்கூடம், பிளஸ் ஒன், ஹாஸ்டல், கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. கார்த்திகாவின் முகத்தை நான் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவளும் ஆட்டோவில் ஏறப்போகிறாள்.

வீட்டுக்குள்ளேயே தடுமாறுகிற பிள்ளையை எப்படி ஹாஸ்டலில் விடுவது என்று நான் கேட்டேன். நியாயமான கேள்வி என்று உங்கள் ஆபீஸ் கமிட்டியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு வழியாகத்தான் அந்தப் பரீட்சையை வைத்தீர்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தனியாக எங்கள் வீட்டுக் கதவிலிருந்து கோலோடு கிளம்பி, இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து, பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டும். நீங்களும் டீச்சரும் அங்கே நிற்பீர்கள். வந்து சேர்ந்தால் திருச்சி. அட்மிஷனுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பத்து நாள் டீச்சரோடு நடந்து பழகினாள். வீடு என் கையில் இருந்தது. தெரு என் கையில் இல்லை. பஸ் ஸ்டாப்பை என்னால் ஒரு இஞ்சு நகர்த்த முடியுமா? கோயில் சுவரை நகர்த்த முடியுமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள் வாசலைக் கூட்டும்போதுதான் அந்தக் கல்லைப் பார்த்தேன்.

எங்கள் கேட்டுக்கு வெளியே சாக்கடை ஓடுகிறது. மூன்றடி ஆழம் இருக்கும். அதைத் தாண்டித் தெருவுக்குப் போகக் குறுக்கே ஒரு நீளமான கடப்பாக்கல் போட்டிருக்கிறோம். கதவிலிருந்து பதினாலாவது அடி அந்தக் கல்லில்தான் விழும். கல்லை எடுத்துவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். எடுத்தால் கோலுக்குத் தெரிந்துவிடும். கோல் முன்னால் தட்டிப் பார்க்கும், பள்ளம் என்று சொல்லிவிடும். அதனால் கல் அங்கேயே இருக்க வேண்டும், ஆனால் ஆளைத் தாங்கக் கூடாது. சாக்கடையின் அந்தப் பக்கக் கரையில் சிமெண்டு உதிர்ந்து போயிருந்தது. கல்லின் அந்த முனை உதிர்ந்த இடத்தில் ஒரு நகக்கண் அளவு மட்டும் உட்கார்ந்தால் போதும். கோல் தட்டினால் கல் சத்தம் கேட்கும். கால் வைத்தால் சாய்ந்துவிடும்.

பக்கத்து மனையில் புது வீடு கட்டுகிறார்கள். அங்கே கொத்தனார் செல்லமுத்து. காலையில் ஒன்பதேகாலுக்கு அவரும் ஆட்களும் டீக் குடிக்கப் போவார்கள், கடப்பாரை மணலில் குத்தி நிற்கும். புதன்கிழமை வீட்டுக்காரர் மண்டிக்குப் போய்விட்டார். கார்த்திகா முன்னறையில் ஃபேனுக்குக் கீழே தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கடப்பாரையைப் போட்டு நெம்பும்போது வளையல் உடைந்து கையில் குத்திவிடும் என்று எட்டையும் கழற்றி ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். இரண்டு இஞ்சு நகர்த்த வேண்டியிருந்தது. டேப் வைத்துச் சரிபார்த்தேன். கடப்பாரையை எடுத்த இடத்திலேயே குத்தி வைத்தேன்.

கால் சுளுக்கும் என்று நினைத்தேன். மிஞ்சிப் போனால் ஒரு வீக்கம். வெள்ளிக்கிழமை தாண்டிவிடும், பிள்ளை வீட்டில் இருக்கும். அவ்வளவுதான் என் கணக்கு.

பத்து மணிக்குக் கிளம்பினாள். நான் தைத்த மாம்பழக் கலர் சுடிதார். நான் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை, எழுந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. வாசலில் நின்று, "சனி ஞாயிறு விடுவாங்களாம் அத்தை. வாராவாரம் வந்துருவேன். டீச்சர்ட்ட கேட்டுட்டேன்" என்றாள். சரி என்றேன். "போயிட்டு வாரேன் அத்தை." சரி என்றேன். வாயை விட்டு எண்ணிக்கொண்டே போனாள். பதின்மூன்று வரைக்கும் எனக்குக் கேட்டது. கோல் இரண்டு தடவை கல்லைத் தட்டியது. அதற்குப் பிறகு கல் விழுந்த சத்தமும், "அம்மா" என்ற சத்தமும்.

ஓடினேன் மேடம். கல் அவள் தொடைமேல் கிடந்தது. பக்கத்து மனையிலிருந்து செல்லமுத்து ஓடி வந்து கல்லைத் தூக்கினார், நான் அவளைத் தூக்கினேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த வலியிலும் விரல் என் மணிக்கட்டிலேயே இருந்தது. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இடது தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கல் எப்படிச் சாய்ந்தது என்று எல்லோரும் கேட்டபோது செல்லமுத்துதான் முன்னால் வந்து, "மணல் வண்டி ஏறி எறங்குனதுல அசைஞ்சிருக்கும்ங்க. நான் பாத்துருக்கணும்" என்றார். நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவராக ஒப்புக்கொண்டதை மறுத்துப் பேசவும் எனக்குத் தோன்றவில்லை. வீடு கட்டுகிறவர்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஐந்து வாரம் வீட்டில் இருந்தாள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஸ்பூனால் கஞ்சி ஊட்டினேன். துணி நனைத்து உடம்பு துடைத்தேன். பெட் பான் வைத்தேன். எதையும் நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை. முதல் மாதம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவள்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் என் மணிக்கட்டைத் தடவி எண்ணினாள். எட்டும் இருந்தன. கையை விட்டுவிட்டாள். திருச்சி எங்கே ஓடிப்போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

போன திங்கட்கிழமை செல்லமுத்து ஒரு பை நிறைய சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என்னால ஒன் படிப்பு போச்சே தாயி" என்று அழுதார். பெரிய ஆள், நரைத்த மீசை, குலுங்கிக் குலுங்கி அழுதார். கார்த்திகா அவர் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் நீங்கள் வந்தீர்கள். "அத்தை, மேடத்துக்கு டீ போட்டுட்டு வாங்க" என்றாள். டீயோடு நான் வருவதற்குள் உங்களிடம் சொல்லி முடித்திருந்தாள்.

அவள் சொன்னதை நேற்று நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஒரு தடவைதான் கேட்டேன், அப்படியே மனப்பாடமாகிவிட்டது.

"அத்தை சாமான நகத்துறது வந்த மூணாவது மாசமே எனக்குத் தெரியும் மேடம். பாத்ரூம்ல இருந்தாலும் வளையல் சத்தம் கேக்கும். எந்தப் பக்கம் கேக்குது, எவ்வளவு நேரம் கேக்குதுன்னு வச்சு எது எங்க போயிருக்குன்னு கண்டுபிடிச்சுருவேன். குளத்தூர் வீட்டுல நான் விழுந்துக்கிட்டே இருந்தேன், எங்களால பாக்க முடியலன்னு அனுப்பிட்டாங்க. வல்லத்திராக்கோட்டையில விழாம நடந்தேன், ரோடு வரைக்கும் தனியா போனேன். இவளுக்கு எதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றதுன்னு அனுப்பிட்டாங்க. இங்க அத்தைக்கு நான் விழணும்னு புரிஞ்சுச்சு. விழுந்தேன். கையை ஊனி, அடி படாம விழப் பழகிக்கிட்டேன். ரெண்டு வருசமா யாரும் என்னைய அனுப்பல. அன்னைக்குக் கல்லு நகர்ற சத்தமும் கேட்டுச்சு மேடம். கூட வளையல் சத்தம் கேக்கல. அதனால பக்கத்து வீட்டு வேலைன்னு நெனச்சுட்டேன். அத்தை என்னைய தூக்குனப்ப கையில வளையல் இல்ல. அப்பத்தான் புரிஞ்சுச்சு. எனக்கு மட்டும் நடந்ததா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கொத்தனாரு அண்ணன் மேல பழி விழக் கூடாது."

இதைப் படித்து முடித்ததும் பேப்பரை மேஜையில் கவிழ்த்து வைத்தீர்கள். கூட இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் மட்டும்தான் நிதானமாக யோசித்தேன் என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் இருந்திருக்கிறாள். பிடிக்காவிட்டால் உங்களிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, மாதாமாதம் வந்தீர்களே. சொல்லவில்லை. எனக்காக விழுந்திருக்கிறாள். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது. ராத்திரி முழுக்க அதை நினைத்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஆக, நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அன்றைக்கு வளையலைக் கழற்றினேன். கழற்றாமல் இருந்திருந்தால் கல்லின் சத்தத்தோடு அதுவும் கேட்டிருக்கும். நான்தான் என்று தெரிந்திருக்கும். எப்போதும் போல அடிபடாமல் விழுந்திருப்பாள்.

அவளை இப்போது எந்த ஹோமில் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்ல மறுக்கிறீர்கள். பரவாயில்லை. அவள் கட்டில், ஸ்டூல், குடம் எல்லாம் டீச்சர் சொன்ன முதல் இடத்திலேயே வைத்திருக்கிறேன், டேப் வைத்து அளந்துதான் வைத்தேன். காலும் சீக்கிரம் கூடிவிடும். அவளைத் திருப்பி அனுப்பிவையுங்கள் மேடம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே எழுதியதெல்லாம் என் முழுச் சம்மதத்தோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது. இனிமேல் எந்தக் காரணத்துக்காகவும் கையிலிருந்து வளையலைக் கழற்ற மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.